ராமாத்தாளின் ஒன்றரை டீஸ்பூன்

மார்ச் 8, சனி

வருஷம் முழுக்க நான் ஒரு இணைய இதழின் ஆசிரியர். மார்ச் எட்டு மட்டும் நான் பெண். காலையிலிருந்து ரோஜாப்பூ, கேக், மறுபடி ரோஜாப்பூ. ஒரு வங்கியில் பேசியதற்கு ‘பெண்மையைப் போற்றுவோம்’ என்று அச்சடித்த காபிக் கோப்பை கொடுத்தார்கள். இத்தோடு ஒன்பது கோப்பை ஆகிவிட்டது. வீட்டில் இருப்பது இரண்டு பேர்.

மாலை உள்ளூர் கேபிள் சேனலில் நேர்காணல். ‘கோகிலவாணி, ஆசிரியர், நெத்திச்சுட்டி இணைய இதழ்’ என்று என் முகத்துக்குக் கீழே ஓடியது. எங்கள் முகப்பில் இருக்கும் ‘பெண்களால், பெண்களுக்காக’ என்ற வாசகம் நான் எழுதியதுதான் என்று சொன்னேன். பெண் பெயரில் கட்டுரை அனுப்பிய ஆண்கள் பதினாலு பேரைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிய கதையையும் சொன்னேன். எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டாள் பேட்டி எடுத்த பெண். “ஆம்பளை எழுதினா இல்லத்தரசிங்கற வார்த்தை மூணு தடவை வரும். பாத்திரம் தேய்க்கறது ஒரு தடவைகூட வராது” என்றேன். நல்ல சிரிப்பு.

அடுத்து, ‘கோகிலா சமையல்’ பகுதியைப் பற்றிப் பேச்சு வந்தது. “உங்க வீட்டுக்காரரு சமையல்ல ஒத்தாசை பண்ணுவாருங்களா மேடம்?”

“அவருக்குச் சுடுதண்ணி வைக்கக்கூடத் தெரியாதுங்க.”

ஸ்டுடியோவே சிரித்தது. கேமராக்காரர் கேமராவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வீட்டுக்கு வந்தபோது அவர் டிவியை அணைத்துவிட்டுத் தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். தட்டைப்பயறு குழம்பு. அருமை.

மார்ச் 9, ஞாயிறு

குளிக்க வெந்நீர் கேட்டேன். “எனக்குத்தான் வைக்கத் தெரியாதே” என்றார். தமாஷ்காரர்.

பச்சைத் தண்ணீரில் குளித்தேன்.

நாட்குறிப்பிலும் பொய் எழுதுவதென்றால் எழுதவே வேண்டாம். அதனால் இதை ஒரு தடவை எழுதி வைத்துவிடுகிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் தான் வேலை பார்த்த பம்ப்செட் கம்பெனியை மூடியதும் என் வீட்டுக்காரர் சென்னியப்பன் வீட்டுக்கு வந்தார், நேராகச் சமையலறைக்குள் போனார், இன்னும் வெளியே வரவில்லை. அதே மாதம் எங்களுக்குச் சமையல் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த அம்மாள் மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போய்விட்டார். பக்கம் காலி. அன்றைக்கு இவர் வைத்த கொள்ளுப் பருப்பை எழுதி என் பெயரில் போட்டேன். வேறு யார் பெயரில் போடுவது? ஆண் பெயர் வரக்கூடாது என்பது விதி. விதியை எழுதியவள் நான்.

இன்றோடு முந்நூற்றுப் பன்னிரண்டு குறிப்பு. இதழில் அதிகம் படிக்கப்படுவது அதுதான். ஞாயிறு காலை அவர் சமைப்பார். நான் சமையலறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மடியில் லேப்டாப்போடு உட்காருவேன். அவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். சொல்வதுதான் அவர், எழுதுவது நான். எழுதுகிறவருக்குத்தானே எழுத்து சொந்தம்.

இன்று பச்சைப்புளி ரசம் சொன்னார். வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டது.

மார்ச் 11, செவ்வாய்

ரசத்துக்கு நாற்பது பின்னூட்டம். அதில் முப்பத்தைந்து பேர் ஒரே கேள்வி: “அக்கா, உப்பு?”

பார்த்தேன். தேவையான பொருள் பட்டியலில் உப்பு இல்லை, செய்முறையிலும் இல்லை. அவர் சொல்லவில்லை, நான் அடிக்கவில்லை. மறந்திருப்பார். வயது ஐம்பத்துமூன்று ஆகிறதே.

முப்பத்தாறாவதாக ஒரு பின்னூட்டம்: “நாலு பேர் ரசத்துக்கு உப்பு ஒன்றரை டீஸ்பூன். புளியைக் கரைக்கும்போதே போட்டுக் கையால் கரைக்கவும். – ராமாத்தாள், வடவள்ளி.” அதற்கு நூற்றுப்பத்து லைக். குறிப்புக்கு விழுந்தது தொண்ணூறு.

என் மாமியார் பெயரும் ராமாத்தாள்தான். போய்ச் சேர்ந்து எட்டு வருஷம். கோயமுத்தூரில் தெருவுக்கு நாலு ராமாத்தாள் இருப்பார்கள். நாங்களும் வடவள்ளிதான், ஆனால் இந்த அம்மாள் எந்தத் தெரு என்று தெரியவில்லை.

மார்ச் 17, திங்கள்

நேற்று கத்தரிக்காய்க் கடைசல். உப்பில்லை. ராமாத்தாள் போட்டுவிட்டார்: “அரை டீஸ்பூன், கத்தரிக்காய் வதங்கும்போது.”

வீட்டில் கடைசலைச் சாப்பிட்டுப் பார்த்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. ஆக, போடுகிறார், சொல்வதில்லை. கேட்கலாம்தான். ஆனால் சமையலை நான் அவரிடம் கேட்டால், இத்தனை நாளாக நான் கேட்டுத்தான் எழுதினேன் என்றாகிவிடும். என் கௌரவம் ஒன்று இருக்கிறதே.

உதவி ஆசிரியர் ஷாஹிரா பானுதான் யோசனை சொன்னாள். “அக்கா, வேணும்னே உப்பை விட்டுட்டோம்னு சொல்லிரலாமா? ஹெல்த்தி லிவிங்னு.”

பிழைக்கத் தெரிந்த பெண்.

மார்ச் 19, புதன்

‘உப்பைக் குறைப்போம், உறவை வளர்ப்போம்.’ எண்ணூறு வார்த்தைக் கட்டுரை. நானே எழுதினேன். உப்புக்கும் உறவுக்கும் என்ன சம்பந்தம் என்று பானு கேட்டாள். தலைப்புக்கும் கட்டுரைக்கும் என்ன சம்பந்தம் என்று பத்து வருஷமாக யாரும் கேட்டதில்லை, நீயும் கேட்காதே என்றேன்.

மார்ச் 24, திங்கள்

முதலாளி சாருலதா மேடம் இனிப்புப் பெட்டியோடு வந்தார். அவர் இனிப்போடு வந்தால் பின்னாலேயே ஒரு வேலையும் வரும்.

“கோகிலா, ஸ்பான்சர் கெடைச்சாச்சு. சித்திரை ஒண்ணாந்தேதி நம்ம பத்தாவது ஆண்டு விழா. கல்யாண மண்டபம் புக் பண்ணியாச்சு. லேடீஸ் ஒன்லி. ஐநூறு வாசகிகள். நீங்க ஸ்டேஜ்ல அரிசிம்பருப்பு சாதம் செய்யறீங்க. நேரலை.”

“யாருங்க மேடம் ஸ்பான்சர்?”

“வெண்முத்து உப்பு.”

உப்பைக் குறைப்போம் கட்டுரையைப் பானு அந்த நிமிஷமே தளத்திலிருந்து எடுத்துவிட்டாள். அந்தப் பெண்ணின் விரல் வேகத்துக்குச் சம்பளம் கூட்டிக் கொடுக்கலாம்.

மேடம் கதவருகே நின்று இன்னொன்றும் சொன்னார். மற்ற விளம்பரமெல்லாம் போய்விட்டதாம். “இந்த லைவ் நல்லா போனா பதினோராவது வருஷம் நடத்தலாம். இல்லைன்னா சித்திரையோட மூடிரலாம்னு இருக்கேன். நீங்க இருக்கறப்ப எனக்கென்ன பயம்.”

எங்கள் அலுவலகத்தில் நாங்கள் நாலு பேர். நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் உட்பட என்று சொல்லலாம், எதிரே கண்ணாடி இருந்தது.

எனக்குச் சமைக்கத் தெரியாது. இதை எழுதிப் பார்த்தாலாவது பயம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

மார்ச் 27, வியாழன்

அவர் மாலை நடைக்குப் போன நேரம் பார்த்து அரிசிம்பருப்பு சாதம் வைத்துப் பார்த்தேன். நானே அடித்த குறிப்பு, நூற்றுநாற்பதாவது. சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், தக்காளி எல்லாம் தாளித்து, அரிசியும் பருப்பும் போட்டு, குக்கரை மூடினேன். தண்ணீர் என்ற ஒன்று ஞாபகம் வந்தபோது வீடு முழுக்கப் புகை.

குக்கரைத் துணியில் சுற்றி மொட்டைமாடித் தொட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டேன். ஜன்னலெல்லாம் திறந்து, ஊதுபத்தி நாலு கொளுத்தினேன். அவர் வந்து மூக்கை உறிஞ்சி, “என்ன விசேஷம்?” என்றார். பிரதோஷம் என்றேன். “அது இன்னைக்கா?” என்று கேட்டுவிட்டுப் போய்க் கால் கழுவினார்.

மார்ச் 28, வெள்ளி

அதிசயம். குக்கர் பளபளவென்று அலமாரியில் அதன் இடத்தில் இருக்கிறது.

இன்னொரு அதிசயம். ராமாத்தாள் இன்றைக்கு எழுதியிருப்பது: “குக்கர் அடிப்பிடித்துக் கரியாகிவிட்டால் பயப்பட வேண்டாம். புளித் தண்ணீர் ஊற்றி ஒரு கொதி விட்டு, ஆறியதும் தேங்காய் நாரால் தேய்க்கவும். கரண்டியால் சுரண்ட வேண்டாம். யாரையும் திட்டவும் வேண்டாம்.” என் மனதைப் படித்த மாதிரி இருந்தது.

பானுவிடம் காட்டினேன். “பாத்திரம் தேய்க்கறதைப் பத்தி எழுதறாங்க பாரு. நூத்துக்கு நூறு பொம்பளை. நானாச்சு கேரண்டி” என்றேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

பெண் பெயரில் வந்த பதினைந்தாவது ஆணைப் பிடித்தேன். ‘சுகந்தி ராஜ்’, கட்டுரை: ‘பிரசவத்துக்குப் பிறகு கூந்தல் பராமரிப்பு’. இரண்டாம் பத்தியிலேயே மூன்று இல்லத்தரசி. “உண்மைப் பெயரில் ஆண்கள் இதழுக்கு அனுப்பவும்” என்று பதில் போட்டேன். மனம் கொஞ்சம் தெம்பானது.

ஏப்ரல் 3, வியாழன்

ஓசூரிலிருந்து மதுமிதா என்று ஒரு பெண் மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். கல்யாணமாகி மூன்று மாதம். அம்மா இல்லாமல் வளர்ந்தவளாம்.

“அக்கா, எனக்குச் சமையல்னா நீங்கதான். மாமனார் மாமியார் சனிக்கிழமை முதல் தடவையா வர்றாங்க. உங்க அரிசிம்பருப்பு சாதம் பண்ணப் போறேன். பழைய குறிப்புல உப்பு ‘தேவையான அளவு’ன்னு இருக்கு. எனக்கு அந்த அளவுதான் தெரியாது. ரெண்டு டம்ளர் அரிசிக்கு எவ்வளவுன்னு சொல்ல முடியுமா?”

அப்போது அவர் வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பத்தடி தூரம். எழுந்து போய்க் கேட்டிருக்கலாம்.

உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு பெரிய கரண்டி கிடந்தது. அந்தக் கரண்டி கிடக்கிறதென்றால் அதுதான் அளவாக இருக்க வேண்டும். டம்ளருக்கு இரண்டு. “நான்கு மேசைக்கரண்டி, தாராளமாக” என்று பதில் எழுதினேன். ‘தாராளமாக’ என்ற வார்த்தையை ஏன் சேர்த்தேன் என்று தெரியவில்லை. எழுத்து ஓட்டத்தில் வந்துவிட்டது.

ஏப்ரல் 5, சனி

மேடத்துக்கு ஒரு யோசனை. “அந்த ராமாத்தாள் அம்மாவையும் ஸ்டேஜுக்குக் கூப்பிடுங்க. வாசகியும் ஆசிரியரும் சேர்ந்து சமைக்கற மாதிரி.”

சாமி கண்ணைத் திறந்துவிட்டது. அந்த அம்மாள் வந்தால் உப்புக் கவலை விட்டது. மற்றதையும் அவரே பார்த்துக்கொள்வார், நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தால் போதும். உடனே அழைப்பு அனுப்பினேன்: “அன்புள்ள ராமாத்தாள் அம்மா, தாங்கள் இல்லாமல் இந்த விழா இல்லை.”

ஏப்ரல் 6, ஞாயிறு

ராமாத்தாளின் பதில்: “அழைப்புக்கு நன்றி. மேடை பழக்கமில்லை. வீட்டில் கேட்டுக்கொண்டு சொல்கிறேன்.”

அதில் எனக்கு ஒரு வருத்தம். இந்தக் காலத்திலும் ஒரு பெண் வெளியே வர வீட்டில் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. இதைப் பற்றி ஒரு தலையங்கம் எழுத வேண்டும்.

காபி கொடுக்கும்போது இவர் கேட்டார். “பதினாலாந்தேதி காலைல நான் கொஞ்சம் வெளிய போயிட்டு வரோணும். போலாமா?”

“தாராளமாப் போயிட்டு வாங்க. நான் அன்னைக்கு வீட்லயே இருக்க மாட்டேன்.”

“இல்ல, ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு.”

மத்தியானம் ராமாத்தாளிடமிருந்து இன்னொரு அஞ்சல்: “வீட்டில் சரி என்று சொல்லிவிட்டார்கள். வருகிறேன்.” நிம்மதி.

ஏப்ரல் 7, திங்கள்

மதுமிதா எழுதியிருந்தாள். அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன். எழுதினாலாவது உறைக்கட்டும்.

“அக்கா, சாதம் வாயில வைக்க முடியல. மாமனார் ஒரு வாய் சாப்பிட்டுட்டு எந்திரிச்சுத் தண்ணி குடிக்கப் போனவர்தான். மாமியார் ஒண்ணும் சொல்லல, தட்டுல கை கழுவிட்டாங்க. ஊர்ல போயி எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லியிருக்காங்க, அம்மா இல்லாத பொண்ணை எடுத்தா இப்படித்தான்னு. நான் எங்கயோ தப்புப் பண்ணியிருக்கேன். டம்ளர் சின்னதா இருந்திருக்கலாம். உங்க குறிப்பு தப்பாகாது அக்கா. திரும்பப் படிச்சுப் பாக்கறேன்.”

உங்க குறிப்பு தப்பாகாது. அதைப் படித்துவிட்டு அலுவலகக் கழிவறையில் போய் அழுதேன். நான் பத்து வருஷத்தில் எழுதிய எதையும் யாரும் இவ்வளவு நம்பிப் படித்திருப்பார்கள் என்று நினைத்ததே இல்லை. நம்பிப் படித்த ஒரே ஒருத்திக்கு உப்புக் கரண்டியை எட்டிப் பார்த்துவிட்டு அளவு சொல்லியிருக்கிறேன்.

மாலையில் போனை அவரிடம் நீட்டினேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“எத்தனை உப்புன்னு சொன்னே?”

“நாலு டேபிள்ஸ்பூன்.”

அவர் அங்கேயே மோடாவில் உட்கார்ந்துவிட்டார். “ரெண்டு டம்ளருக்கா? அந்த மனுசன் இன்னும் தண்ணி குடிச்சிட்டுத்தான் இருப்பாரு. அந்தக் கரண்டி ஊறுகாய் போடறப்ப உப்பு அள்ளறதுக்கு வெச்சிருக்கறது கோகிலா.”

“நீங்க ஏன் ஒரு மாசமா எனக்கு உப்புச் சொல்றதில்ல?”

“சுடுதண்ணி வைக்கத் தெரியாதவன் உப்பைப் பத்தி என்னத்தச் சொல்றது.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். “காபி இருக்குதுங்களா?” என்று வந்தது. இருக்கிறது என்று எழுந்து போனார்.

ஏப்ரல் 9, புதன்

மதுமிதாவுக்குப் பதில் எழுதினேன். “தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது. எனக்குச் சமைக்கத் தெரியாது.” அனுப்பவில்லை. அவள் ஒருத்தியிடம் சொன்னால் அது வாசகிகள் வாட்ஸப் குழுவுக்குப் போகும், அங்கிருந்து மேடத்துக்குப் போகும். விழாவுக்கு இன்னும் ஐந்து நாள். பானுவுக்கு வீட்டுக் கடன், மற்ற இருவருக்கும் சின்னக் குழந்தைகள். பதினாலு முடியட்டும் என்று வைத்துவிட்டேன்.

இதெல்லாம் காரணமா, சாக்கா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

நாளை விழா. குறிப்பை மனப்பாடம் செய்தேன். அவர் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மாமியார் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். எங்கே போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

ஏப்ரல் 14, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வீட்டுக்கு வந்து இப்போதுதான் சேலை மாற்றினேன். ஜன்னலுக்கு வெளியே இன்னும் வெயில் இருக்கிறது, ஆனால் இந்த நாள் ஒரு வாரத்துக்கு நீண்ட மாதிரி இருக்கிறது.

மண்டபம் நிறைந்துவிட்டது. வாசலில் நான் எழுதிக் கொடுத்த பலகை: ‘மகளிர் மட்டும். ஆண்களுக்கு அனுமதி இல்லை. கணவர்களுக்கும்.’ கடைசி வார்த்தையைப் படித்துவிட்டு எல்லாரும் சிரித்தபடி உள்ளே வந்தார்கள்.

மேடையில் இரண்டு நாற்காலி, ஒரு அடுப்பு, மேசை நிறைய வெண்முத்து உப்புப் பொட்டலம். பதினொரு மணிக்கு நேரலை ஆரம்பம். ராமாத்தாளின் நாற்காலி காலி. மேடம் முதல் வரிசையில் உப்புக் கம்பெனி மேனேஜர் அம்மாளோடு உட்கார்ந்திருந்தார். “ஆரம்பிங்க, அவங்க வந்துருவாங்க” என்று சைகை காட்டினார்.

எண்ணெய் ஊற்றினேன். கடுகு வெடித்தது. வெங்காயம் வதங்கியது. தக்காளி போட்டேன். நடுவில் என் பெண்ணியப் பார்வை பற்றி நாலு வார்த்தை. அரிசியும் பருப்பும் போட்டேன், இந்தத் தடவை தண்ணீரும் ஊற்றினேன். கைதட்டினார்கள். தண்ணீர் கொதித்தது. அடுத்தது உப்பு, அப்புறம் மூடி.

மேனேஜர் அம்மாள் போனைத் தூக்கிப் படம் எடுக்கத் தயாரானார். இந்த ஒரு காட்சிக்குத்தான் மண்டபமே.

பொட்டலத்தைப் பிரித்துக் கையில் அள்ளினேன். எவ்வளவு என்று தெரியவில்லை. மதுமிதாவின் மாமனார் தண்ணீர் குடிக்க எழுந்து போவது கண்ணுக்குத் தெரிந்தது. ஐநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையில் உப்போடு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று பிறகு பானு சொன்னாள், ஒரு நிமிஷத்துக்கு மேலாம்.

அப்போது அவள் மேடைப் படியேறி வந்து என் காதில் சொன்னாள். “அக்கா, ராமாத்தாள் வந்துட்டாங்க. கேட்ல நிறுத்தி வெச்சிருக்காங்க.”

“ஏன், உள்ள விட வேண்டியதுதானே?”

“அது ஒரு ஆம்பளைங்கக்கா. நம்ம மெயிலைக் காட்டறாரு. வெள்ளைச் சட்டை. கையில மஞ்சப்பை. பைக்குள்ள கரண்டி.” அவள் தயங்கினாள். “அக்கா, எனக்கு அது உங்க வீட்டுக்காரரு மாதிரி தெரியுது.”

குக்கர், புளித் தண்ணீர், யாரையும் திட்ட வேண்டாம், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன். எல்லாம் சேர்ந்து வந்து நின்றது. பதினைந்து ஆண்களைக் கண்டுபிடித்தவள் நான். பதினாறாவது என் வீட்டில் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவரைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். குத்துமதிப்பாக உப்பைப் போட்டு மூடியிருக்கலாம். மேடையில் சமைத்ததை யார் சாப்பிட்டுப் பார்க்கப் போகிறார்கள்? பதினோராவது வருஷம் கையில் இருந்தது. ஆனால் அவர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார், நான் எழுதிய பலகைக்குக் கீழே.

மைக்கை இடது கையால் எடுத்தேன். வலது கையில் உப்பு.

“கேட்ல நிக்கறவர உள்ள விடுங்க. அவருதான் ராமாத்தாள். என் வீட்டுக்காரர். கோகிலா சமையல்ல வந்த அத்தனை சமையலும் அவரு செஞ்சது. நான் பக்கத்துல உக்காந்து டைப் அடிச்சேன், அவ்வளவுதான். சுடுதண்ணி வைக்கத் தெரியாதது எனக்குத்தானுங்க.”

மேடத்தின் முகத்தை நான் பார்க்கவில்லை. “ஓசூர் மதுமிதா பாத்துட்டிருந்தா,” என்று கேமராவைப் பார்த்துச் சொன்னேன், “கண்ணு, உன் டம்ளர்ல ஒரு குத்தமும் இல்ல. அளவு சொன்னது நான். எனக்குத் தெரியாம சொன்னேன். உங்க மாமியார்கிட்ட இந்த வீடியோவைக் காட்டு.”

பின்வரிசையில் ஒரு அம்மாள் முதலில் சிரித்தார். “அதானே பாத்தேன், வெங்காயத்தைப் புடிக்கற லட்சணத்துலயே தெரிஞ்சுது.” அப்புறம் மண்டபமே சிரித்தது. அது மார்ச் எட்டாம் தேதிச் சிரிப்பு மாதிரி இல்லை, ஆனால் நான் செத்துப் போகவும் இல்லை.

அவர் நடுப் பாதையில் நடந்து வந்தார். ஐநூறு பெண்களுக்கு நடுவில் தலையைக் குனிந்துகொண்டு, ரேஷன் கடைக்கு வந்தவர் மாதிரி. மேடையேறி, குக்கரை எட்டிப் பார்த்தார். “தண்ணி கொஞ்சம் கூட. போச்சாது போ, பரவால்ல.” என் கையைப் பார்த்தார். “இத்தனை எதுக்கு? டம்ளருக்கு ஒன்றரை டீஸ்பூன்.”

மைக் என் கையில்தான் இருந்தது. “எல்லாருக்கும் சொல்லுங்க” என்று நீட்டினேன்.

அவர் மைக்கைப் பார்த்துச் சொன்னார். “உப்பு, டம்ளருக்கு ஒன்றரை டீஸ்பூனுங்க.”

அப்படி ஒரு கைதட்டலை என் எந்தக் கட்டுரையும் வாங்கியதில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். “அம்மா பேர்ல எழுதோணும்னு எப்படித் தோணுச்சு?”

“எனக்குச் சொல்லிக் குடுத்தது அவங்கதான. ஒருத்தரோடதை எடுத்துப் போடறப்ப அவங்க பேரு போடறதுதான மொறை.”

என்னைக் குத்திச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். ஜன்னல் வழியாக மரச்செக்கு எண்ணெய்க் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மன்னிச்சுக்கோங்க” என்றேன். இந்தத் தடவை காபி என்று வரவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

மேடம் போன் செய்தார். முதல் பத்து நிமிஷம் திட்டினார். முழுவதும் நியாயம். அடுத்த பத்து நிமிஷம், அந்த வீடியோவை இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள், உப்புக் கம்பெனிக்கு ராமாத்தாள்தான் வேண்டுமாம் என்றார். இதழ் நடக்கும். நான் ஆசிரியராக இருப்பேனா என்பதை மாதக் கடைசியில் சொல்வதாகச் சொன்னார். அதுவரைக்கும் முந்நூற்றுச் சொச்சம் குறிப்பிலும் என் பெயரை எடுத்து அவர் பெயரைப் போட வேண்டியது என் வேலை.

உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினேன். எங்கள் தளத்தில் எழுதியவர் பெயருக்கு முன்னால் ‘திருமதி’, ‘செல்வி’ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் ஏற்கும். நான் வடிவமைத்ததுதான். ஆகவே இப்போதைக்கு அவர் செல்வி சென்னியப்பன். சொன்னேன். “பரவால்ல, வயசு கொறஞ்சு தெரியும்” என்றார்.

‘சுகந்தி ராஜ்’ அஞ்சல் அனுப்பியிருக்கிறார்: “மேடம், நேற்று வீடியோ பார்த்தேன். என் கூந்தல் கட்டுரையை இப்போதாவது போடுவீர்களா?” எடுத்துத் திரும்பப் படித்தேன். என் மனைவிக்கு நான்தான் எண்ணெய் தேய்த்துவிடுகிறேன் என்று கடைசிப் பத்தியில் எழுதியிருந்தார். அன்றைக்கு இரண்டாம் பத்தியோடு நிறுத்திவிட்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஓசூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் எழுதுகிறேன், கோணல்மாணலாக வரும்.

யோசனை இவருடையது. “அந்தப் புள்ளைக்கு வீடியோ பத்தாது. நேர்ல போயி ஒரு தடவை செஞ்சு குடுத்துட்டு வந்தரலாம்.” மதுமிதாவிடம் கேட்டோம். அவள் மாமியாரையும் மாமனாரையும் மறுபடி வரவழைத்திருந்தாள். மாமனார் சாப்பாட்டுக்கு முன்பே பெரிய சொம்பில் தண்ணீர் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

சின்னச் சமையலறை. இவர் வெங்காயம் உரிக்க, மதுமிதா பூண்டு தட்ட, நான் வேலையில்லாமல் வாசலில் நின்றேன். மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அவுரு சமையல்காரரு, சரி. நீங்க யாருங்க?”

பதில் நாக்கு நுனிக்கு வந்தது. பத்து வருஷமாகச் சொல்லிப் பழகிய பதில், இதழின் பெயரோடு சேர்த்து.

“நான் அவரு சொல்றதை எழுதறவளுங்க” என்றேன்.

உள்ளேயிருந்து அவர் கூப்பிட்டார். “கோகிலா, தண்ணி கொதிக்குது. ரெண்டு டம்ளர் அரிசி.” நகர்ந்து நின்று, டீஸ்பூனை என் கையில் கொடுத்தார்.

சாப்பிட உட்கார்ந்ததும் மாமியார் முதல் வாயை ரொம்ப நேரம் மென்றார். மதுமிதா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். மாமனாரின் கை சொம்பின் மேலேயே இருந்தது.

“உப்பு யாரு போட்டது?” என்றார் மாமியார்.

மூன்று டீஸ்பூன். நான்தான் போட்டேன் என்று சொன்னேன்.

“செரியா இருக்குது” என்று சொல்லிவிட்டுத் தட்டை நீட்டினார். மாமனார் சொம்பைத் தள்ளி வைத்தார்.